கன்னத்தில் வெடித்த துப்பாக்கி

7

"கையெழுத்துப் போட மாட்டேன். கையை வெட்டி எடுத்தாலும் அந்தக் கை போடாது."

தமிழ்ச்செல்வி இதைச் சொன்னது கப்பலூர் தொழிற்பேட்டையில், அசோக்குமாரின் கண்ணாடி அறை வாசலில் நின்றுகொண்டு. திங்கட்கிழமை காலை பத்தேகால் மணி. வெளியே கடைசல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டுகிறவர்களின் காதெல்லாம் இந்தப் பக்கம் இருந்தது.

மேசை மேல் ஒரு தாள். துப்பாக்கிக்குள் இருக்கும் கொக்கியை வேண்டுமென்றே பழுதாகக் கடைந்தது நான்தான், அதனால்தான் சனிக்கிழமை சோதனையில் துப்பாக்கி வெடித்து முத்திருளன் என்பவரின் கன்னம் கிழிந்தது என்று அதில் அடித்து வைத்திருந்தார்கள். அவள் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"நாலு மணி வரைக்கும் டயம்," என்றார் அசோக்குமார். "போட்டா வேலையோட போகும். போடலைன்னா போலீசு. போன மாசம் பொம்பளைகளுக்குக் கக்கூசு வேணும்னு கேட்ல உக்காந்தவதானே நீ? அந்தக் காந்தல்ல பண்ணிட்டேன்னு ஊரே சொல்லும்."

"கக்கூசு கேட்டது நெசம். கொக்கி சரியாச் செஞ்சதும் நெசம்."

அறைக்குள் நின்ற ரோகிணி இரண்டு பேரையும் பார்த்தாள். ஆயுதப்படையில் பதினோரு வருடம் துப்பாக்கி பழுது பார்த்தவள். மேலதிகாரி எழுதச் சொன்ன ஒரு பொய்யை எழுத மாட்டேன் என்று காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள். இப்போது சிம்மக்கல்லில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். அங்கே படியேறி வருகிறவர்கள் மிளகாய் நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் வருவார்கள். நேற்று தமிழ்ச்செல்வி வந்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அதைப் பார்த்த நிமிடமே ரோகிணி கேஸை எடுத்துக்கொண்டாள்.

"துப்பாக்கியைப் பாக்கலாமா?" என்றாள்.

அசோக்குமாருக்கு அதில் பெருமைதான். இடுப்பில் இருந்த சாவியை எடுத்து இரும்பு அலமாரியைத் திறந்தார். உரிமம் வாங்கி, இரண்டு வருடம் உழைத்து, நாளைக் காலை சுட்டுப் பார்க்க வரும் அரசாங்க அதிகாரிகளுக்குக் காட்டுவதற்காகச் செய்த மூன்று துப்பாக்கிகள். வெடித்தது ஒன்று, முழுசாக இரண்டு. முழுசானதில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

ரோகிணியின் உதவியாளன் அருள்பாண்டி குனிந்து பார்த்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். வாய்க்குப் பிரேக் கிடையாது.

"யக்கா, என்னாது இது? விசை முன்னாடி இருக்கு, தோட்டாப் பெட்டி அக்குள்கிட்ட இருக்கு. திருப்பி மாட்டிட்டாங்களா?"

"புல்பப்புனு பேரு," என்றார் அசோக்குமார். "உள்ள நடக்குற வேலை பூராம் பின்கட்டைக்குள்ள போயிரும். அதனால குழல் நீளம் குறையாது, துப்பாக்கி நீளம் குறையும். ஜீப்புக்குள்ள திரும்பலாம். மாடிப்படியில ஏறலாம். எடை தோள்ல உக்காந்துக்கிரும். ஒரு கையில பிடிச்சுக்கிட்டு ஒரு கையால கதவு திறக்கலாம். குறைன்னு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

ரோகிணி அதைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. குழந்தையைத் தோளில் போட்டதுபோல் ஒட்டி நின்றது.

"நீங்க சொன்னது அம்புட்டும் சரிங்க. நல்ல சாமான். ஆனா குறையில்லாத துப்பாக்கியை இன்னும் ஒருத்தனும் செய்யலை. விசை ஒரு பக்கம், அது இழுக்குற இடம் ஒரு பக்கம். நடுவுல நீளமா ஒரு கம்பி. அதனால அமுக்குனா கொழகொழன்னு இருக்கும், பட்டுன்னு விடாது. தோட்டாப் பெட்டியை மாத்தணும்னா கையை மடக்கி அக்குளைத் தடவணும். இருட்டுல அது ரொம்பக் கஷ்டம். வெடிச் சத்தம் காதை ஒட்டி வரும். நொட்டாங்கைக்காரன் சுட்டா தோட்டாவோட காலிக்கூடு அவன் மூஞ்சிக்கே வரும்."

"நம்ம ஆட்டோ மாதிரின்னு சொல்லுங்கக்கா," என்றான் அருள்பாண்டி. "இஞ்சினைப் பின்னாடி தள்ளிட்டான். வண்டி குட்டை, சந்து பொந்துல பூந்துரும். ஆனா சூடு பூராம் பின்சீட்டுல உக்காந்திருக்கவனுக்கு."

"அதேதான். சாதாரணத் துப்பாக்கியில கன்னம் வெறும் கட்டையில படும். இதுல கன்னத்துக்கு அடியிலதான் இஞ்சின். எது நடந்தாலும் அங்கனதான் நடக்கும்."

அசோக்குமாருக்குச் சுர்ரென்று வந்தது. வெடித்த துப்பாக்கியை எடுத்துப் போட்டார். கன்னம் படுகிற மூடி பிய்ந்து, தகரம் வெளியே மலர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம். அதற்குள் முறிந்த கொக்கி. சுட்டு முடித்த காலிக்கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கிற, சுண்டுவிரல் நகம் அளவுச் சாமான்.

"செஞ்சது இவ. முறிஞ்சது இது. இதுக்கு மேல என்ன துப்பு வேணும்?"

ரோகிணி கொக்கியைப் பார்க்கவே இல்லை. துப்பாக்கியின் வயிற்றுக்குள் விரலை விட்டு எடுத்தாள். விரல் சுத்தமாக வந்தது.

"வெடிச்ச துப்பாக்கி கல்யாண மாப்பிள்ளை மாதிரி குளிச்சிருக்கே. கரி எங்க? யாரு தொடைச்சது?"

"யாரும் தொடலை."

"கொக்கி முறிஞ்சா காலிக்கூடு உள்ளயே கெடக்கும். துப்பாக்கி மக்கர் பண்ணி நிக்கும். வெடிக்காது. வெடிச்சதுல கொக்கி முறிஞ்சிருக்கலாம். கொக்கி முறிஞ்சதால வெடிக்கலை."

அசோக்குமார் சிரித்தார். "வேலையை விட்டுட்டு வந்த ஏட்டம்மா சொல்றதை எவன் நம்புவான்?"

"யாரும் நம்ப வேணாம். கண்ணால பாத்தாப் போதும். நாலு மணிக்குள்ள வாரேன்."

தாளை எடுத்துத் தமிழ்ச்செல்வியிடம் நீட்டினார் ஒரு குமாஸ்தா. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

---

ஆட்டோ திருநகருக்குள் நுழையும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

முத்திருளன் பட்டாளத்தில் இருபது வருடம் இருந்து வந்தவர். புதுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. வலது கன்னம் பூராவும் கட்டு. வாயின் இடது பக்கத்தால் மட்டும் பேசினார்.

"பாதி வாயிலயே இம்புட்டுப் பேசுறீகளேண்ணே, முழு வாய் இருந்தா தாங்குமா?" என்றான் அருள்பாண்டி.

"அந்தப் புள்ளை மேல எனக்குக் கோவம் இல்லை தம்பி. அவ கொக்கியை நான் ஆயிரம் வாட்டி இழுத்துப் பாத்திருக்கேன். எப்படி முறிஞ்சதுன்னு எனக்கே விளங்கலை."

"சுடுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்தீங்களா?" என்றாள் ரோகிணி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதாம்மா நான் செஞ்ச தப்பு. பிரிச்சுப் பாத்துட்டுத்தான் சுடுவேன்னேன். சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகுகாலம், அதுக்குள்ள மொத வெடி போடுங்கன்னு அசோக்குமாரு நின்னுட்டாரு. சுட்டுப் பாக்குற கல்குவாரிக்குப் போய்ச் சேரவே மணி எட்டு அம்பது. வெளியில பளபளன்னு தொடைச்சு வச்சிருந்துச்சு. எடுத்தேன், வச்சேன், சுட்டேன். மூணாவது வெடி கன்னத்துல."

"மொத ரெண்டு?"

"சரியாப் போச்சு. ஆனா பூட்டுற சத்தம் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருந்துச்சு. சளி பிடிச்சவன் பேசுற மாதிரி."

கொல்லைப்புறத்தில் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு திட்டு. அவர் மனைவி தங்கப்பொண்ணு.

"வெடிச்சதென்னமோ துப்பாக்கி. செத்தது என் கைதேன். இந்தச் சட்டையோட ரெண்டு நாளா மாரடிக்கிறேன்."

ரோகிணி எழுந்து கொல்லைக்குப் போனாள். வெள்ளைச் சட்டை. காலரிலும் தோளிலும் செக்கச்செவேல் என்று கறை.

"ரத்தம் போகாதுக்கா, விட்ருங்க," என்றான் பின்னால் வந்த அருள்பாண்டி.

"ரத்தக் கறையெல்லாம் நேத்தே போயிருச்சுய்யா. இது வேற. மொதல்ல பாத்தப்ப மஞ்சளாத்தேன் இருந்துச்சு. மருந்து சிந்திருச்சாக்கும்னு நெனைச்சேன். சோப்பைப் போடப் போடச் செவக்குது!"

ரோகிணி சட்டையைக் கையில் வாங்கினாள். "எலுமிச்சம்பழம் இருக்காக்கா?"

"தலை சுத்துதாத்தா? சர்வத்துப் போடவா?"

"சர்வத்து சட்டைக்கு."

அரை மூடி எலுமிச்சம்பழத்தைக் காலரில் பிழிந்தாள். சாறு பட்ட இடத்தில் சிவப்பு செத்து மஞ்சள் எழுந்து வந்தது. தங்கப்பொண்ணு வாயில் கையை வைத்தாள்.

"ஆத்தி! மஞ்சளு! சோப்பு பட்டாச் செவக்கும்ல, எனக்குத் தோணலை பாரு. தெனம் எம்புட்டுத் துணி பாக்குறேன், ஆம்பளைச் சட்டையில மஞ்ச இருக்கும்னு யாரு நெனைப்பா?"

கூடத்திலிருந்து முத்திருளன் குரல் கொடுத்தார். "நான் மஞ்சப் பூசிக் குளிக்கிறதில்லைம்மா!"

"அப்ப துப்பாக்கிதேன் மஞ்சப் பூசிக் குளிச்சிருக்கு," என்றான் அருள்பாண்டி.

ரோகிணி சட்டென்று திரும்பினாள். "என்ன சொன்ன?"

"சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்க்கா."

"உன் வாய்க்கு இன்னிக்குச் சம்பளம் குடுக்கலாம். ஆயுத பூசை என்னிக்கு?"

"போன புதன்."

"வெடிச்சது சனி. துப்பாக்கியை விடப் பெரிய ஆயுதம் அந்தப் பட்டறையில உண்டா? அதுக்குப் பொட்டு வைக்காமலா இருந்திருப்பாங்க? வண்டியை எடு."

சட்டையையும் எடுத்துக்கொண்டாள். தங்கப்பொண்ணு தடுக்கவில்லை. "அந்தப் புள்ளை மேல பழி விழுகக் கூடாது. எடுத்துட்டுப் போத்தா," என்றாள்.

---

திருமங்கலம் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. தொழிற்பேட்டைக்குள் நுழையும்போது மூன்று இருபது. கேட்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது, கடைசல் மிஷின் ஒவ்வொன்றின் நெற்றியிலும் காய்ந்த மஞ்சள், நடுவில் குங்குமம். சந்தனம் விற்கிற விலைக்கு எல்லாப் பட்டறையிலும் மஞ்சளைத்தான் குழைக்கிறார்கள். ஐந்து நாள் ஆகியும் அதை ஒருத்தரும் துடைக்கவில்லை. துடைத்தால் ஆகாது என்று ஒரு பயம்.

தமிழ்ச்செல்வி தன் மிஷின் பக்கத்தில் நின்றாள். காலையிலிருந்து அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. உட்கார ஸ்டூலும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"தமிழு, இந்த மிஷினுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நான்தான்க்கா. அவுகவுக மிஷினுக்கு அவுகவுக."

"மஞ்சக் குழைச்சது?"

"அதுவும் நான்தான். ஒரு சட்டி நெறைய."

அருள்பாண்டி முகம் சுருங்கியது. ரோகிணி குரலைத் தாழ்த்தினாள். "துப்பாக்கிக்கு?"

தமிழ்ச்செல்வி திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தாள்.

"மஞ்சக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போனேன்க்கா. மூணு துப்பாக்கிக்கும் வைக்கணும்னு."

"போச்சு," என்று முனகினான் அருள்பாண்டி. "தேடி வந்த துப்பு நம்ம தலையிலேயே விழுந்துருச்சு."

"முதலாளி வாசல்லயே நிறுத்திட்டாரு," என்றாள் அவள். "கிண்ணத்தை மட்டும் கீழ வைக்கச் சொன்னாரு. பூசை நடக்குற ரூமுக்குள்ள எங்க தெருக்காரங்க யாரும் காலெடுத்து வைக்கக் கூடாதாம். நான் செஞ்ச கொக்கி உள்ள இருக்கலாம். நான் உள்ள போகக் கூடாது."

ரோகிணி மஞ்சள் பட்ட சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அதை எப்பவும் மறக்காத. இன்னிக்கு அதை வச்சே அடிப்போம்."

---

கண்ணாடி அறைக்குள் அசோக்குமார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோகிணி சட்டையை மேசையில் விரித்தாள்.

"உங்க துப்பாக்கி கக்குன மஞ்ச. புதன்கிழமை ஈரமா வச்ச பொட்டு, மூடி இடுக்கு வழியா உள்ள இறங்கிருச்சு. மூணு நாள்ல காய்ஞ்சு கல்லாயிருச்சு. மூணாவது தோட்டாவுக்கு உள் பூட்டு முழுசா மூடலை. மூடாம வெடிச்சது, கன்னத்துல வந்துருச்சு."

"துப்பாக்கிக்கு நாங்க பொட்டே வைக்கலை."

ரோகிணி அவர் தலைக்கு மேல் சுவரைக் காட்டினாள். பழைய ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்று அங்கே தொங்கியது. அதன் மரக்கட்டையில் மஞ்சள் வட்டம், குங்குமம்.

"இது?"

"அது எங்க தாத்தாவோடது. வருசா வருசம் வைக்கிறதுதான்."

"கட்டையில வைக்கிறீங்க. மரம், ஒண்ணும் ஆகாது. இருபது முப்பது வருசமா உங்க கை அந்த இடத்துக்குத்தான் போகும். புதுசுக்கும் அங்கனதான் போச்சு. ஆனா இதுல கட்டைக்குள்ளதான் உயிரு. அதைக் குட்டையாக்குன வித்தை எதுவோ, அதுதான் கன்னத்தையும் கிழிச்சிருக்கு."

அசோக்குமார் நெற்றியைத் துடைத்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வழி கிடைத்துவிட்ட தெளிவு.

"சரி. மஞ்சன்னே வச்சுக்குவோம். குழைச்சது யாரு? இவ! இவளே கொண்டாந்து துப்பாக்கிக்குள்ள அப்பியிருப்பா. எனக்குத் தெரியாம."

வெளியே மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பன்னிரண்டு பேர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள்.

"அன்னிக்கு இந்த ரூமுக்குள்ள இவ வந்தாளா?" என்றாள் ரோகிணி மெதுவாக.

"வந்திருப்பா."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க. பூசை நடந்துக்கிட்டிருக்கப்ப இவளை உள்ள விட்டீங்களா?"

"நான் எப்படி இவளை விடுவேன்? பூசை வச்ச இடத்துக்குள்ள என் கையைத் தவிர ஒரு கையும்..."

நிறுத்தினார். வார்த்தை ஏற்கெனவே வெளியே போய்விட்டது.

"பூசை முடிஞ்சதுல இருந்து துப்பாக்கி இந்த அலமாரிப் பூட்டுக்குள்ள. சாவி?" என்றான் அருள்பாண்டி. "அதுவும் உங்க இடுப்புல. முதலாளி, உள்ள விடாத ஆளு மேல உள்ள நடந்ததுக்குப் பழியா? பஸ்ஸுல ஏத்தாதவன்கிட்டயே டிக்கெட் கேக்குறீங்களே!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அசோக்குமார் மேசையைத் தட்டினார்.

"வாய்ப் பேச்சு! வெடிச்சதுல ஒண்ணும் இல்லை. சுத்தமா இருக்கு. போய் எங்க வேணா காட்டுங்க."

"அதைத்தான் தொடைச்சிட்டீங்களே. மூடி பிஞ்சு கெடந்துச்சு, கை போச்சு, தொடைச்சீங்க," என்றாள் ரோகிணி. "மத்த ரெண்டையும் ஏன் விட்டீங்க?"

அவர் கண் அலமாரிப் பக்கம் போனது.

"நாளைக்குக் காலையில அதிகாரிக வந்து சுடப்போறது அந்த ரெண்டையும்தானே? வெளியில மட்டும் தொடைச்சு வச்சிருக்கீங்க. உள்ள திறந்து பாருங்க. உங்க கையாலயே."

அசோக்குமார் ஒரு துப்பாக்கியை இழுத்தார். மூடியை அமுக்கினார். தள்ளினார். நகத்தை விட்டு நெம்பினார். வரவில்லை. இரண்டு வருடமாகத் தன் பெயரைப் போட்டு விற்க நினைத்த சாமானைத் திறக்க அவருக்குத் தெரியாது. வெளியே நின்ற பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

தமிழ்ச்செல்வி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"ஏய், தொடாத!"

"நான் செஞ்சது. தொடுவேன்."

மூடியைப் பிடித்திருந்த ஊசி ஒன்றை வெளியே தள்ளினாள். கன்னத்து மூடி கழன்றது. உள்ளே இருந்த பூட்டுக் கட்டையை உருவித் துப்பாக்கியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். மேசைக் கண்ணாடி மேல் பொருக்குப் பொருக்காக மஞ்சள் கொட்டியது. ஒரு பொருக்கில் குங்குமம் ஒட்டியிருந்தது.

ரோகிணி போனை எடுத்து முதலில் மஞ்சளைப் படம் பிடித்தாள், பிறகு அவர் முகத்தை.

"நாளைக்கு இன்னொருத்தன் கன்னம். கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா கண்ணு," என்றாள். "அப்ப யாரு மேல எழுதியிருப்பீங்க?"

அசோக்குமார் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் பாதியாகியிருந்தது. "தெரியாம நடந்துபோச்சு. பக்தியில வச்சது. தமிழ்ச்செல்வி, தாளைக் கிழிச்சுப் போட்டுர்றேன். இது வெளிய போக வேணாம். நாளையில இருந்து நீ வேலைக்கு வந்துரு."

"வச்சது தெரியாம. தொடைச்சது தெரிஞ்சு," என்றாள் அவள். "தாளைக் கிழிக்காதீங்க. அது பின்னாடியே நடந்ததை எழுதுங்க. முத்திருளன் அண்ணனுக்கு ஒண்ணு, நாளைக்கு வர்ற அதிகாரிகளுக்கு ஒண்ணு. இந்தா நிக்கிற பன்னெண்டு பேருக்கும் படிச்சுக் காட்டணும்."

"நான் எழுதலைன்னா?"

"அக்கா போன்ல இருக்குற படம் எழுதும்."

அவர் பேனாவைத் தேடினார். அருள்பாண்டி தன் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து நீட்டினான். "பாத்து எழுதுங்க முதலாளி, இங்கி கம்மியாத்தேன் இருக்கு. பொய் எழுதப் பத்தாது."

எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. ரோகிணி வாங்கிப் படித்தாள். கண்ணாடிக்கு வெளியே போய் எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டு வந்தாள்.

"வா தமிழு, போகலாம். ஆட்டோ நிக்குது."

"நீங்க முன்னால போங்கக்கா. நான் பின்னாடி வாரேன்."

"இன்னும் என்ன வேலை?"

தமிழ்ச்செல்வி அலமாரியில் இருந்த மூன்றாவது துப்பாக்கியைத் தூக்கி வந்தாள். முதலாளியின் மேசையில் அதை வைத்து, அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் இதற்கு முன் உட்கார்ந்ததில்லை. ஊசியைத் தள்ளி மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள இருட்டா இருக்கு," என்றாள் தலையை நிமிர்த்தாமல். "போன்ல லைட்டைப் போட்டுப் பிடிங்க."

அசோக்குமார் சுற்றும் முற்றும் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் வெளியே போயிருந்தார்கள். அறைக்குள் சும்மா இருந்த கை அவருடையது மட்டும்தான்.

லைட்டைப் போட்டுப் பிடித்தார்.

"இன்னும் கிட்ட," என்றாள் அவள்.